இருட்டில் எழுதிய பட்டியல்

2000 ஆகஸ்டில் காலைப் பேப்பர் வந்ததும் முதலில் குர்ஸ்க் செய்தியைத்தான் தேடுவேன். 118 பேரோடு பேரண்ட்ஸ் கடலில் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல். கடலின் ஆழம் அங்கே 108 மீட்டர். கப்பலின் நீளமோ 154 மீட்டர். செங்குத்தாக நிறுத்தினால் தண்ணீருக்கு மேலே தெரிந்திருக்கும்!

12-ஆம் தேதி, பயிற்சி டார்பிடோ ஒன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்து வெடித்தது. இரண்டு நிமிஷத்தில் அதைவிடப் பெரிய வெடி. வெளிநாட்டு உதவிக்கு ரஷ்யா சம்மதிக்கவே நான்கு நாள் ஆயிற்று. 21-ஆம் தேதி நார்வேக்காரர்கள் இறங்கி மூடியைத் திறந்தபோது உள்ளே வெறும் தண்ணீர்.

நானும் மறந்திருப்பேன். அக்டோபரில் எடுத்த உடல்களில் ஒன்று திமித்ரி கொலெஸ்னிகோவ் என்ற 27 வயது அதிகாரியுடையது. கல்யாணமாகிச் சில மாதமே ஆனவர். அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. மதியம் 1.15 என்று நேரம் போட்டு, கடைசி அறையான ஒன்பதாவதில் 23 பேர் இருக்கிறோம் என்கிறார். இருட்டில் தடவித்தான் எழுதுகிறாராம். தப்பிக்கப் பத்து, இருபது சதவீதம்தான் வாய்ப்பாம். கூடவே அங்கிருந்தவர்களின் பட்டியல். எல்லோருக்கும் வணக்கம், மனம் தளர வேண்டாம் என்று முடிக்கிறார்.

வருஷக்கணக்காக வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுத்தவன் நான். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். அந்த அறையில் முகம் தெரிந்திருக்காது. ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துத்தானே அவர் எழுதியிருப்பார்?