இடுப்பு வலியா? செருப்பைத் திருப்பிப் பாருங்க

போன வாரம் மொளகு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்த வாரம் இடுப்பு வலி. ஏன்னா எங்க கொல்லிமலையில ஐம்பது தாண்டின ஆள்ல இடுப்பு வலி இல்லாதவங்களைப் பார்க்கிறது கஷ்டம். குச்சிக்கிழங்கு பிடுங்கறது, மூட்டை தூக்கறது, ஏணி ஏறி மொளகு பறிக்கிறது எல்லாமே சரிவுல நின்னு செய்யற வேலை. வலி வந்தா "பாரம் தூக்கினே, பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லி தைலம் தேய்ப்போம். பாதத்தை யாரும் பார்க்கிறதில்லை.

எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தை மாசம் ஆரம்பிச்சுது. இடது பக்கம், இடுப்புக்குக் கீழே. ஸ்கேன் எடுத்தோம். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு, இந்த வயசுல பலருக்கும் இப்படி இருக்கும்னாங்க. மாத்திரை, பெல்ட் குடுத்தாங்க. படுத்திருந்தா வலி இல்லை. ஏணி ஏறினா மறுநாள் எந்திரிக்க முடியாது. மொளகு காத்திருக்காது, பழுத்தா கொட்டிடும். ஆள் விட்டுப் பறிச்சா கூலியே பாதியைத் தின்னுடும். "காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூருக்கு வந்துடுங்கப்பா"ன்னு பையன் சொன்னான். வலியை விட அந்தப் பேச்சுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு.

அப்புறம் நாமக்கல்ல ஒரு பிசியோதெரபி பொண்ணுகிட்ட போனேன். முதுகைத் தொடறதுக்கு முன்னாடி "ஐயா, செருப்பைக் கழட்டித் திருப்பி வைங்க"ன்னுச்சு. வலது செருப்பு குதிகால்ல வெளி ஓரம் லேசா தேய்ஞ்சிருந்துச்சு. பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான் தேயுமாம். இடது செருப்பு உள் ஓரம் தேய்ஞ்சு பள்ளமா இருந்துச்சு. வெறுங்கால்ல நிக்கச் சொல்லிப் பின்னாடியிருந்து பார்த்துச்சு. இடது பாதத்து வளைவு தரையில படிஞ்சு, கணுக்கால் உள்பக்கமா சாய்ஞ்சிருக்குன்னுச்சு. அந்தக் கால் பல வருஷம் முன்னாடி வரப்புல சறுக்கி சுளுக்கினது.

இதுல என்ன நடக்குதுன்னா, கெண்டைக்கால்ல இருந்து உள் கணுக்காலைச் சுத்தி பாதத்துக்கு வர்ற ஒரு தசைநார் அந்த வளைவைத் தாங்குது. வயசு, எடை, பழைய அடி இதனால அது தளரலாம். பாதம் உள்ளே சாய்ஞ்சா முழங்காலும் தொடையும் கொஞ்சம் உள்ளே திரும்பும். தொடை திரும்பினா இடுப்பெலும்பு முன்னால சாயும். அதை நிமிர்த்த கீழ் முதுகுத் தசை எந்நேரமும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு கால்ல மட்டும் இப்படி ஆனா இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்தும் போகும். எங்க எழுபது கொண்டை ஊசி வளைவுல ஓடற ஜீப்புக்கு அலைன்மெண்ட் போனா டயர் ஒரு பக்கமா தேயும், ஸ்டியரிங் இழுக்கும். டயரை மாத்தினா மட்டும் தீராது. அதே கதைதான்.

பாதத்தைப் பத்திப் பேசும்போது எங்க மலையில வளர்ந்த ஒருத்தரைச் சொல்லாம விட முடியாது. டாக்டர் பால் பிராண்ட். 1914ல் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின் ரெண்டு பேரும் இங்க மிஷனரிகளா வேலை செஞ்சவங்க. அப்பா 1929ல் காய்ச்சல்ல இந்த மலையிலேயே இறந்தார். மகன் லண்டன்ல டாக்டருக்குப் படிச்சு, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய்க்காரங்க கை காலைப் பார்த்தே பேர் வாங்கினவர். நோய் நேரா சதையை அழுக வைக்கிறதில்லை, வலி தெரியாததாலதான் காயம் பட்டுப் பட்டு விரல் போகுதுன்னு காட்டினார்.

உணர்ச்சி உள்ள நாம ஒரு இடம் வலிச்சா தெரியாமலே நடையை மாத்திடுவோம், பாரம் வேற இடத்துக்குப் போயிடும். உணர்ச்சி இல்லாதவங்க அதே இடத்துல மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க, அங்க புண் வரும். அதனால மெத்துனு ரப்பர் அடி வச்ச செருப்பு செஞ்சு பாரத்தைப் பரப்பினாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. கால் வலிக்கு நடையை மாத்தறது நல்லதுதான். ஆனா அந்தக் கோணல் நடை வருஷக் கணக்கா நீடிச்சா, பாதம் இறக்கி வச்ச பாரத்தை இடுப்பு எடுத்துக்குது.

அதுக்காக எல்லா இடுப்பு வலிக்கும் பாதம்தான் காரணம்னு நான் சொல்லலை. தட்டைப் பாதம் இருந்தும் ஒரு வலியும் இல்லாம மூட்டை தூக்கறவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. அமெரிக்காவுல பிராமிங்காம் ஊர் மக்களை வச்சு 2013ல் வந்த ஆய்வுல, பாதம் உள்ளே சாயற பெண்களுக்கு இடுப்பு வலி அதிகமா இருந்துச்சு. ஆண்கள்கிட்ட அப்படித் தெளிவா தெரியலை. நம்ம நாட்டுல 2,300 பிள்ளைங்க பாதத்தைப் பதிவெடுத்து 1992ல் வந்த ஆய்வுல, செருப்பு ஷூ போடற பிள்ளைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்கால் பிள்ளைங்கள்ல 2.8 சதவீதம்தான். பேரப்பிள்ளைங்க வீட்டு வாசல் மண்ணுல வெறுங்கால்ல ஓடினா திட்டாதீங்க. கக்கூஸுக்கும் காட்டுக்கும் போகும்போது மட்டும் செருப்பு கட்டாயம், கொக்கிப்புழு, முள், பாம்பு எல்லாம் இருக்கு.

எனக்குச் சொன்ன வைத்தியம் சின்னதுதான். இடது செருப்புக்குள்ள வளைவைத் தாங்கற ஒரு அட்டை. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலை மெதுவா தூக்கி இறக்கறது. கால் விரலாலயே துண்டைச் சுருட்டறது. ஒத்தைக் கால்ல நிக்கறது. கெண்டைக்காலை இழுத்து நீட்டறது. காலையிலும் ராத்திரியிலும் பத்து நிமிஷம். முதல் மாசம் ஒண்ணும் தெரியலை. மூணாவது மாசம் காலையில வேட்டி கட்டக் குனிய முடிஞ்சுது. போன தையில பாதிக் கொடியை நானே பறிச்சேன், மீதிக்கு ஆள் விட்டேன். வலி முழுசா போகலை. குத்தகைப் பேச்சு மட்டும் நின்னுடுச்சு.

நீங்களும் பாதத்தை நனைச்சு சிமெண்ட் தரையில வச்சுப் பாருங்க. நடுவுல உள்பக்கம் ஈரம் படாம வளைவு தெரிஞ்சா நல்லது. முழுப் பாதமும் பதிஞ்சா தட்டை. வலியும் சேர்ந்து இருந்தா காட்டிக் கேளுங்க. ஆனா கால் மரத்துப் போறது, பாதம் தூக்க முடியாம தொங்கறது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போறது, காய்ச்சலோட வலி, காரணமில்லாம எடை குறையறது, இதுல எது இருந்தாலும் செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கிடுங்க.