இதயமும் சிறுநீரகமும்

எபிரேய விவிலியத்தை மூலமொழியில் வாசிக்கக் குருமடத்தில் எங்களுக்குச் சிறிது பயிற்சி தந்தார்கள். எரேமியா நூலின் 17ஆம் அதிகாரத்திலும் 7ஆம் திருப்பாடலிலும், மனிதரைச் சோதித்தறியும் இறைவன் அவர்களுடைய இதயத்தையும் ‘கெலாயோத்’தையும் சோதிப்பதாக வருகிறது. கெலாயோத் என்றால் சிறுநீரகங்கள். தமிழில் அச்சொல் உள்ளுணர்வு என்றோ ஏக்கம் என்றோ உருமாறிவிடுகிறது. அதுவே முறையான மொழிபெயர்ப்பும்கூட. ஆயினும் நொச்சிக்குப்பத்து நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லத் தொடங்கியபின், அவ்விரு உறுப்புகளையும் ஒருசேர நினைப்பது எனக்கு வழக்கமாயிற்று.

சிறுநீரகம் பழுதுற்றவர் உள்ள வீட்டில் பேச்செல்லாம் சிறுநீரகத்தைப் பற்றியதாகவே இருக்கும். கிரியாட்டினின் எவ்வளவு, எத்தனை லிட்டர் நீர் இறக்கினார்கள், கையில் ஊசி ஏறியதா என்பதே கேள்வி. மருத்துவர்களோ வேறொன்றையும் சொல்கிறார்கள். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் மிகப் பலர் டயாலிசிஸ் படுக்கையை எட்டுவதற்கு முன்பே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள்.

இதற்கு அருகில் வைத்து எண்ணத்தக்க ஒரு வரலாற்றைத் தமிழ்நாடே அறியும். ‘படகோட்டி’யில் மீனவனாக நடித்ததால் இக்குப்பத்து முதியவர்கள் இன்றும் தம்மவராகப் போற்றும் எம்.ஜி.ஆர்., 1984 அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. 1985 பிப்ரவரியில் முதலமைச்சர் நாடு திரும்பினார். 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் அவருடைய இதயம் நின்றது. குப்பத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே நடந்தால் அவருடைய சமாதியை அடையலாம்.

சிறுநீரகம் கெட்டால் இதயம் ஏன் கெட வேண்டும்? பாதி விடை எளிது. சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் இரண்டையும் சேர்த்தே அரிக்கின்றன. மறுபாதிதான் விந்தையானது. பழுதுற்ற சிறுநீரகத்தால் பாஸ்பரஸ் உப்பை வெளியேற்ற இயலாது. அது இரத்தத்தில் மிகுந்து, எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு, இதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்களின் சுவரில் படியத் துணைபுரிகிறது. குழாய் இறுகிக் கெட்டியாகிறது. அப்படியும் பலருக்கு நெஞ்சு வலிப்பதில்லை. மூச்சிரைக்கிறது, சோர்வாயிருக்கிறது, அவ்வளவே. டயாலிசிஸ் களைப்பு என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள்.

நம் அன்பின் வெளிப்பாடுகளும் சில நேரம் ஊறு செய்கின்றன. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் இளநீர் வாங்கிச் செல்வது நம் பண்பாடு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். கருவாட்டின் உப்பைப் பற்றிக் கடலோர மக்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வலை இழுத்த முதுகுவலிக்கு நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் மீன் வியாபாரி ஒருவருக்கு இதயக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று கண்டார்கள். ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட் வைப்பதா, மாத்திரையோடு நிற்பதா? “கடன் வாங்கியாவது செஞ்சிடறோம் ஃபாதர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் மகன். மருத்துவம் என் துறையன்று. மருத்துவரிடம் உடன் சென்றேன். 2020இல் வெளியான ஓர் ஆய்வை அவர் விளக்கினார். முற்றிய சிறுநீரக நோயோடு நிலையான இதய நோயும் உள்ள 777 பேர், 30 நாடுகளிலிருந்து. இந்தியரும் அவர்களுள் உண்டு. மருந்தோடு ஆஞ்சியோகிராமும் அதன்படி சிகிச்சையும் பெற்றவர்கள் ஒரு பிரிவு, மருந்து மட்டும் பெற்றவர்கள் மறுபிரிவு. மூன்று ஆண்டுகளில் இரு பிரிவிலும் 100க்கு ஏறத்தாழ 36 பேர் இறந்தனர் அல்லது மாரடைப்புக்கு உள்ளாயினர். திடீர் மாரடைப்பு வந்தவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அப்போது ஒரு நொடியும் தாமதிக்கலாகாது என்பதை அவர் இருமுறை சொன்னார்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரை என் நினைவுக்கு வந்தது. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு. தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளை நாடும் கட்டாயம் இல்லை என்பது அதன் சாரம். வகுப்பறையில் தேர்வுக்காகப் படித்த பாகுபாடு இது. அம்மகனுக்கு அதைச் சொன்னபோது அவர் அழுதார். ‘செய்யாமல் விட்டோம்’ என்ற பழிக்கே அவர் அஞ்சியிருந்தார்.

இதையெல்லாம் தொடக்கத்திலேயே தடுக்க வழி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் எம்.கே. மணியும் கிட்னி ஹெல்ப் டிரஸ்டும் அருகிலுள்ள சிற்றூர்களில் அதைச் செய்துகாட்டினார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தார்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் விலைமலிந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. நம் பங்குகளில் மருத்துவ முகாம் என்றால் கண் பரிசோதனையோடு முடிந்துவிடுகிறது. இரத்த அழுத்தக் கருவியையும் சிறுநீர்ச் சோதனைத் தாளையும் ஒரு மேசையில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அந்த அம்மா மாத்திரையோடு நிற்பதென்று முடிவு செய்தார். டயாலிசிஸ் இல்லாத நாள்களில், 2024 ஆகஸ்டில் திறந்த நவீன மீன் அங்காடியில் உட்கார்ந்திருக்கிறார். கருவாட்டை விற்பதோடு சரி, தொடுவதே இல்லை என்கிறார். மருமகள் நம்புவதில்லை.