அரைமணி தூரம்

கொழும்பிலிருந்து மாலைதீவுக்கு விமானத்திற் செல்ல ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். யாழ்ப்பாணத்திற் பேருந்தேறிய ஒருவர் கொழும்பை வந்தடையும் முன்னரே, மற்றொருவர் மாலைதீவுக்குச் சென்று திரும்பியும் விடலாம். அந்நாட்டுக் கடிகாரமும் நம் கடிகாரத்துக்கு அரைமணி நேரமே பிந்தியது. இத்துணை அண்மையிலுள்ள தேசத்தில் வீட்டு நினைவு என்னை வாட்டுமென்று புறப்பட்ட அன்று நான் எண்ணவேயில்லை.

2022-ஆம் ஆண்டில் நம் நாணயம் பட்ட பாட்டை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டாலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டிற்று. அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைப்பதற்கு அவ்வாண்டிலே அரசாங்கம் வழி செய்தது. அடுத்த ஆண்டு, மாலைதீவின் சிறு தீவொன்றில் ஆசிரியை ஒருவர் பிரசவ விடுமுறையில் சென்றமையால், ஒரு தவணைக் காலம் அங்கே கணிதம் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எழுபத்தெட்டு வயதான தாயாரின் மருந்துச் செலவும் மகளின் படிப்புச் செலவும் என்னை விமானத்தில் ஏற்றின.

சுமார் 1,200 தீவுகள் கொண்ட அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. மலையுமில்லை, ஆறுமில்லை. இது யாழ்ப்பாணத்தானுக்குப் புதுமையன்று. ஆனால், பனையுமில்லை! தென்னை மட்டுமே தெரியும் அடிவானம் முதற் கிழமையில் அழகாக இருந்தது. மூன்றாங் கிழமையில் ஏதோ களவு போய்விட்டது போலத் தோன்றிற்று. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை நாட்கள். ஞாயிறு காலை நம் வீட்டார் ஆறுதலாகப் பத்திரிகை வாசித்திருக்கும் நேரத்தில் நான் வகுப்பில் நிற்பேன். வெள்ளிக்கிழமை நான் ஓய்ந்திருக்கையில் அவர்களுக்குப் பேச நேரமிராது. ஆலயம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பிற சமயத்தவர் பொதுவிடங்களில் வழிபட அந்நாட்டுச் சட்டம் இசைவதில்லை. நல்லூர்த் தேரன்று என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியிலே தேர் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மாலை ஏழு மணிக்கு நாள்தோறும் தாயாருடன் பேசுவேன். நினைவு சிறிது சிறிதாக அவரை விட்டு அகன்றுகொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: "அங்கை இப்ப என்ன நேரம், தம்பி?" "ஆறரை, அம்மா" என்பேன். "அப்ப இன்னும் பொழுதுபடேல்லையோ?" என்று வியப்பார். மறுநாளும் அவ்வாறே வியப்பார்.

என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை. இப்போது மகள் பள்ளிக்குப் புறப்படுவாள், இப்போது அம்மா மருந்து உட்கொள்வார் என்று அதைப் பார்த்துப் பார்த்தே நாட்களைக் கடத்தினேன். ஆறுதலென்று நான் நினைத்த அதுவே நோயை வளர்த்தது.

தவணைப் பரீட்சை வந்தது. இரண்டு மணி நேர வினாத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது மணிக்குத் தொடங்கி வைத்தேன். பின்னர், கைக்கடிகாரம் பதினொன்று காட்டியதும் விடைத்தாள்களைச் சேகரிக்கலானேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தனர். ஆசிரியரை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவர்களிடமில்லை. கடைசி வாங்கிலிருந்த ஒரு சிறுமி மட்டும் தாளை விடாது பற்றிக்கொண்டு, கண்கலங்கச் சுவரைச் சுட்டினாள். அங்கே மணி பத்தரை! அவளுக்கு என் மகளின் வயதிருக்கும். தாள்களைத் திருப்பிக் கொடுத்து, இழந்த நிமிடங்களையும் கூட்டிக் கொடுத்தேன். ஆயினும், வீட்டை நினைத்திருந்தவன் எதிரிலிருந்த பிள்ளைகளின் அரைமணி நேரத்தை எடுத்துவிட்டேனே என்ற வெட்கம் நெடுநாள் தீரவில்லை. அன்றிரவே கடிகார முள்ளைப் பின்னே திருப்பினேன்.

அதன் பின்னரே அத்தீவு என் கண்ணிற் பட்டதெனலாம். வலமிருந்து இடமாக எழுதப்படும் அவர்களது தானா எழுத்தைப் பிள்ளைகளிடமே கற்கத் தொடங்கினேன். அதன் முதல் ஒன்பது எழுத்துக்கள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை என்றறிந்த கணித ஆசிரியனின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! பக்கத்து வீட்டில் சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போலாகும் வரை வெயிலில் உலர்த்துவார்கள். அதுதான் நம் வீட்டுச் சம்பலில் விழும் மாசி. இத்தனை காலமும் கொழும்புக் கடையிலே பிறக்கும் பொருளென்றே அதனை எண்ணியிருந்தேன்.

அவ்வீட்டு முதியவர் ஒருநாள் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். முன்னாளில் மாலைதீவுப் பாய்க்கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் மாசியுடன் இலங்கை வரும். திரும்புவதற்கு வடகீழ்க் காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கிற் கொழும்பிலே காத்திருத்தல். "அவருக்கு வீட்டு நினைவு வரவில்லையா?" என்று கேட்டேன். "வந்தால் என்ன செய்வது? காற்று வரவில்லையே! பாயைத் தைத்துக்கொண்டிருப்பாராம்" என்றார் கிழவர்.

அந்நாட்டிலே காதியாராகப் பணியாற்றிய இபின் பதூதா நினைவுக்கு வந்தார். 1325-இல் தஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்டவர், 1343-இல் மாலைதீவை அடைந்தார். அதன்பின் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியையும் கண்டார். பதவியும் செல்வாக்கும் பெற்றிருந்த அவர், அத்தீவுகளினூடே செல்கையில், ஒரு சிறு தீவிலே மனைவி மக்களோடும் சில தென்னைகளோடும் தனித்து வாழ்ந்த நெசவாளி ஒருவனைக் கண்டு பொறாமை கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார். உலகத்தைச் சுற்றியவருக்கு அந்தக் குடிசை மீது ஆசை!

தவணை முடிந்து புறப்பட்டபோது கிழவர் காகிதத்திற் சுற்றி இரண்டு மாசித் துண்டுகள் தந்தார். வீடு சேர்ந்த மறுநாள் மாலை மனைவி அதை இடித்துச் சம்பல் செய்தார். தாயார் அருகில் அமர்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது. அம்மா என் முகத்தை உற்று நோக்கி, "அங்கை இப்ப என்ன நேரம், தம்பி?" என்றார்.

"ஆறரை, அம்மா."

"அப்ப இன்னும் பொழுதுபடேல்லையோ?"

"இல்லை, அம்மா" என்றேன்.