லிவா போகும் வழியில் வாடைக்காற்று

ஊரிலிருந்து ஜனவரியில் அபுதாபிக்கு வரும் தாத்தா பாட்டிகளின் பெட்டியில் ஊறுகாய் இருக்கும், முறுக்கு இருக்கும், ஸ்வெட்டர் மட்டும் இருக்காது. "பாலைவனம்தானே, எதுக்கு?" என்பார்கள். அவர்களை லிவா மணல்மேடுகளுக்குக் கூட்டிப் போக டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அதே மாதங்களில்தான் குளிர்கால ஷமாலும் வீசும்.

ஷமால் என்றால் அரபியில் வடக்கு. நம்ம வாடைக்காற்று மாதிரியே திசையை வைத்து வந்த பெயர். கோடையில் ஈராக் பக்கமிருந்து நாள்கணக்கில் வீசும் ஷமால் வேறு கதை. குளிர்காலத்தில் வருவது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத் தொகுதியோடு சேர்ந்து வருவது. அதனால் அதற்கு ஒரு முன்னறிகுறி உண்டு. முந்தின நாள் காற்று தென்கிழக்கிலிருந்து வெதுவெதுப்பா, கொஞ்சம் ஈரமா அடிக்கும். வெளியே போக அருமையான நாள் போலவே தோணும். அப்புறம் சில மணி நேரத்தில் காற்று வடமேற்குக்குத் திரும்பும், குளிர் சட்டென்று இறங்கும். சில தடவை ஒன்றரை நாளில் அடங்கிவிடும், சில தடவை மூன்று முதல் ஐந்து நாள் வரை இழுக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்து நேரே கிளம்புகிற நம்மைப் போன்றவர்கள் அந்த இதமான மாலையை நம்பக் கூடாது.

வானிலை ஆப்பில் பலரும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது காற்றின் வேகமும் திசையும். மணிக்கு 20, 25 கிலோமீட்டரைத் தாண்டினால் காய்ந்த மணல் நகர ஆரம்பித்துவிடும். மேட்டின் உச்சியில் புகை மாதிரி ஒரு கோடு எழும்பும். போட்டோவுக்கு அழகா இருக்கும்.

குழந்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். மணல் துகள் தூசி மாதிரி மிதந்து போவதில்லை. குதித்துக் குதித்துத்தான் போகும், பெரும்பகுதி நம் முழங்காலுக்குக் கீழேயே. நின்றுகொண்டு டீ குடிக்கிற அப்பாவுக்குக் "காத்து கொஞ்சம் இருக்கு" அவ்வளவுதான். கீழே உட்கார்ந்து பக்கெட்டில் மணல் அள்ளுகிற மூணு வயசுக் குழந்தையின் கண்ணும் மூக்கும் அந்த மணல் ஓடுகிற உயரத்திலேயே இருக்கு. அது சிணுங்கினால் அடம் என்று நினைக்காதீங்க, ஒரு தடவை நீங்களும் உட்கார்ந்து பாருங்க.

மெல்லிய தூசியின் சேட்டை வேறு. அது உயரே போய் நெடுந்தூரம் பயணிக்கும், காற்று நின்ற பிறகும் ஒரு நாளோ அதற்கு மேலோ அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். வீஸிங் இருக்கிற பிள்ளைகளைப் படுத்துவது இதுதான். என் மகளுக்கு அந்தத் தொந்தரவு உண்டு. போன வருஷம் அப்பா அம்மாவோடு லிவாவுக்குக் கிளம்பினோம். தரீஃப் தாண்டித் தெற்கே திரும்பியதுமே தார்ரோட்டின் மேல் மணல் பாம்பு பாம்பாக ஊர்ந்தது. மதினத் சாயித் பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது அவள் இருமல் மாறிவிட்டது, இன்ஹேலர் கொடுத்தோம். வண்டியைத் திருப்பச் சொன்னாள் மனைவி, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு தூசிக்குப் பயந்து திரும்புறதா?" என்றார் அப்பா. புதன்கிழமை அவர்களுக்கு ஃபிளைட். லிவாவின் தல் மொரீப், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர மணல்மேடு, அவர் பார்க்காமலே ஊருக்குப் போனார். இன்றைக்கும் போனில் அதைச் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

இன்ஹேலரையும் ஸ்பேசரையும் டிக்கியில் போடாதீங்க, கைக்கெட்டும் இடத்தில், ஜிப் கவரில் இருக்கட்டும். துணி மாஸ்க் மெல்லிய தூசியைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் சின்ன முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்காருவது கஷ்டம். காரின் ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிவிடுங்க.

ரோட்டில் பார்வை குறைந்தால் அபுதாபியில் மின்பலகைகள் வேக வரம்பை 80 என்று காட்டும், அதற்குக் கட்டுப்படணும். ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போவது நம்மவர்கள் பழக்கம். இங்கே அது விதிமீறல், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்றே தெரியாது. புழுதியை வீடியோ எடுக்கிறேன் என்று ஓட்டும்போது போனைத் தூக்கினால் 800 திர்ஹம் போச்சு. அரிசோனாவில் இருப்பவர்களுக்கு விதி இன்னும் கறார்: ரோட்டை விட்டு முழுசா விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடணும். எரிகிற விளக்கைப் பார்த்து, ரோடு அங்கேதான் போகுது என்று பின்னால் வருபவர் வந்து மோதிவிடக் கூடாது என்பதற்காக.

கூடாரம் போடுகிறவர்களுக்கு ஒன்று. காற்றுக்கு மறைவாக இருக்கே என்று மணல்மேட்டின் செங்குத்தான பக்கத்து அடியில் போடத் தோணும். உச்சியிலிருந்து பறக்கிற மணல் முழுக்க வந்து விழுவதே அங்கேதான். கொஞ்சம் தள்ளி, கெட்டியான தரையில், வாசலைத் தென்கிழக்குப் பார்த்து வையுங்க. ராத்திரி வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போகலாம், காற்றும் சேர்ந்தால் பெரியவர்களுக்குத் தாங்காது.