அத்தைக்கு மட்டும் தெரிந்த போடி

"சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் என் கணவர் கொஞ்சம் முழிப்பார். மாமனார் ரயில்வேயில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர். சில வருடத்துக்கு ஒரு ஊர். மானாமதுரை, போடி, செங்கோட்டை என்று குவார்ட்டர்ஸ்தான் இவருக்குச் சொந்த ஊர். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஊர்களைப் பற்றிப் பேச அத்தை மட்டும்தான் பாக்கி. 83 வயது. இப்போதெல்லாம் சில நாள், காலையில் சாப்பிட்டதே மறந்துவிடுகிறது. "அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்றார் இவர்.

பிரச்னை, பாத்ரூம். அத்தைக்கு அடிக்கடி போகவேண்டும். ஹைவே ஓட்டல் கழிவறைகளில் உட்கார்ந்து எழுந்திருக்க முழங்கால் இடம் தராது. அதனால்தான் கேரவன். கட்டில், கழிவறை, சின்ன அடுப்பு எல்லாம் உள்ளேயே. டிரைவரோடு ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம்.

நம்மூரில் கேரவன் என்றால் சினிமாதானே! மானாமதுரையில் நிறுத்தியதும் பையன்கள் கூடிவிட்டார்கள். "உள்ள எந்த ஹீரோக்கா?" கதவைத் திறந்து அத்தை இறங்கியதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. கடத்துக்குப் பேர்போன ஊர் மண்ணில் ஒரு குழம்புச் சட்டி வாங்கிய பிறகுதான் அத்தை வண்டியை நகரவிட்டார்.

கேரவனில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று: பழைய தெருக்களுக்குள் அது நுழையாது. ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு ஆட்டோதான். ராத்திரிக்குக் கரன்ட்டும் தண்ணீரும் கிடைக்கிற இடத்தை முன்பே பேசி வைக்காவிட்டால் ஏ.சி. வெறும் அலங்காரம்.

செங்கோட்டையிலிருந்து மலையேறி, கழுத்துருட்டியின் 13 கண் பாலத்தைப் பார்த்தோம். 1904-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை. 2010-ல் ரயிலை நிறுத்தி, அகலப்பாதை ஆக்கி, 2018-ல் முழுசாகத் திரும்ப விட்டார்கள். இவர் சின்னப் பிள்ளை மாதிரி விரல் நீட்டி வளைவுகளை எண்ணினார். கணக்கு சரியாகவே இருந்தது.

கடைசியாகப் போடி. இவருக்கு உயிரான ஊர். "அப்பா நாள் முழுக்க வீட்லயே இருப்பார். கொட்டகுடி ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவார், பட்டம் செஞ்சு தருவார்" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். அம்மா கையில் எப்போதும் ஏலக்காய் மணக்கும் என்பதும் அதில் வரும்.

ஸ்டேஷனை நெருங்கியதும் அத்தை, "நான் எறங்கலை" என்றார்.

"ஏம்மா? நாம சந்தோஷமா இருந்த ஊரும்மா."

"ஒனக்கு சந்தோஷம்யா. எனக்கு அது எழுபத்திநாலு."

1974 மே மாதம் நாடு முழுக்க 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தம். மாமனாரும் அதில் சேர்ந்தவர். அதற்கப்புறம் பல மாதம் வீட்டில் சம்பளம் இல்லை. இவருக்கு அப்போது 7 வயது. அத்தை தாலிக்கொடியை விற்று, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாராம். அதுவும் தீர்ந்ததும், ஏலக்காய் தரம் பிரிக்கிற கூலிக்குப் போயிருக்கிறார்.

"நான் கூலிக்குப் போறது ஒனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான்யா அப்பா ஒன்ன ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு."

காலைச் சாப்பாட்டை மறக்கிற அத்தை, அன்றைக்குக் கூலிக் கணக்கை ஒப்பித்தார். இவர் எதுவும் பேசவில்லை. டிரைவர் தம்பி மெதுவாக ரேடியோவை அணைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையே, "வந்ததுக்கு ஏலக்காயாவது வாங்கு" என்றார். கடையில் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. விரல்கள் அவ்வளவு வேகம்.

"பாட்டி தொழில் தெரிஞ்சவங்க போல" என்றார் கடைக்காரர்.

அத்தை நிமிரவில்லை. இவர்தான், "ஆமாங்க, இந்த ஊர்லதான் வேலை பார்த்தாங்க" என்றார்.