கைக்கு ஒரு வேலை

குறைமாதக் குழந்தையைப் பெற்றவள் எங்கள் வார்டுக்கு முதன்முதலில் வரும்போது பெரும்பாலும் சக்கர நாற்காலியில்தான் வருவாள். பிரஷர் ஏறியதால் அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்திருப்பார்கள். தையல் வலி போயிருக்காது. வார்மரில் கிடக்கும் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிவிடுவாள். முகத்தில் பாதியை டேப்பும் குழாயும் மறைத்திருக்க, எண்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். அன்றிலிருந்து எண்களோடுதான் குடித்தனம்.

"சிஸ்டர், இன்னைக்கு வெயிட் எவ்வளவு?" என்பதுதான் காலையில் முதல் கேள்வி. 1,200 கிராமில் பிறந்தது 1,080-க்கு இறங்கியிருக்கும். கேட்டதும் அழுகை. முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது வழக்கம்தான். பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம் ஆகலாம். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குறைந்த பிறகு சொன்னால் சமாதானப் பேச்சாகத்தான் காதில் விழும்.

இத்தனை வருஷ நர்ஸ் வேலையில், ஆறுதல் வார்த்தை கேட்டுத் தேறிய தாயை நான் அதிகம் பார்த்ததில்லை. "சாமி பாத்துக்கும்", "தைரியமா இரு" எல்லாம் வார்டு வாசலோடு சரி. அவளைத் தேற்றுவது அவள் கைக்கு நாம் கொடுக்கும் வேலை.

முதல் வேலை பால். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் இடையில் மூச்சு விடவும் ஒருசேர வராது. குழாய் வழியாகத்தான் பால் போகும்; அப்புறம் பாலாடை. பிள்ளை மார்பில் வாய் வைக்காமலே பால் ஊற வேண்டும் என்றால் கையால் பீச்ச வேண்டும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்திவிட்டு, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம்.

முதல் நாள் சில சொட்டுச் சீம்பால் வந்தாலே பெரிது. அதைக் கிண்ணத்தில் பிடித்தால் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அவளுக்கும் மனசு விட்டுப்போகும். நான் ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சைக் காம்பருகே வைத்து உறிஞ்சி எடுப்பேன். அரை மில்லி வந்தாலும் சிரிஞ்ச் பாதி நிறைந்திருக்கும். டாக்டர் சரி என்றால், அந்தச் சொட்டுகளைப் பிள்ளையின் கன்னத்து உள்பக்கம் அவளையே தடவச் சொல்வேன். அதற்குப் பிறகு அடுத்த வேளைக்கு நான் போய்க் கூப்பிட வேண்டியிருக்காது.

ஒரு நாளைக்கு எட்டு வேளையாவது பீச்ச வேண்டும், ராத்திரியும் சேர்த்து. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடும். "பச்ச உடம்பு, தூங்கட்டுமே" என்று அவள் அம்மா தடுப்பார். பாசம்தான், ஆனால் பால் வற்றிவிடும். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு என்று வீட்டிலிருந்து வருவதை நான் தடுப்பதில்லை, தெம்புக்குச் சாப்பிடட்டும். பால் ஊறுவதென்னவோ பீச்சப் பீச்சத்தான்.

அடுத்தது கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே தாயின் நெஞ்சிலேயே பிள்ளையைக் கட்டிவைக்கத் தொடங்கினார். ஏழை நாட்டு ஏற்பாடு என்று நினைத்தவர்கள் உண்டு. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளை, நிலைமை சீராகும்வரை காத்திராமல் உடனே தாயின் நெஞ்சில் வைத்ததில் இறப்பு கால் பங்கு குறைந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் தினமும் 8 மணி முதல் 24 மணி நேரம் வரை வைக்கச் சொல்கிறது. இதற்குப் பிறகும் "பார்வை நேரம் முடிஞ்சிடுச்சு, வெளிய போம்மா" என்று பெற்றவளை அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. அவள் என்ன, விருந்தாளியா?

தொப்பி, டயப்பர், சாக்ஸ் மட்டும் போட்ட பிள்ளையைத் தவளை மாதிரிக் கைகால் மடித்து நெஞ்சில் வைத்து, கழுத்து மடங்காமல் தலையை ஒரு பக்கம் திருப்பித் துணியால் கட்டுவோம். வைத்ததும் பல பேர் தங்கள் மூச்சையே அடக்கிக்கொள்வார்கள். "நீ மொதல்ல மூச்சு விடும்மா" என்று சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும். மானிட்டரை மறந்து உச்சந்தலையைப் பார்ப்பாள். "பப்பாளி சாப்பிட்டேன் சிஸ்டர், அதனாலயா?" என்ற கேள்வியும் அப்போதுதான் வரும். பகலெல்லாம் உள்ளே அடைத்து வைத்திருந்தது அது. அதனால் இல்லை என்று ஒரு தடவை சொன்னால் போதாது. ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் கரு என்று எத்தனையோ காரணம். பல சமயம் எங்களுக்கே காரணம் பிடிபடாது. போதாக்குறைக்கு "எட்டாம் மாசக் குழந்தை தங்காது" என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள். சுத்தப் பொய். ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதத்தில் பிறந்தது தேறத்தான் வாய்ப்பு அதிகம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தால், போன் போட்டு எடை கேட்காதீர்கள். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சூடாகச் சாப்பாடு கொண்டுபோங்கள். அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கங்காரு வைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் கண் பரிசோதனைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளைக்குள் விழித்திரையைச் சோதித்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடலாம்.