அம்மாவின் மெழுகுவர்த்தி

புக்கிட் மெர்தாஜம் என்றாலே எனக்கு முதலில் ஒரு லோரிதான் நினைவுக்கு வரும். 1979ஆம் ஆண்டு, ஜூலை மாதம். எனக்கு ஏழு வயது. எங்கள் தோட்டத்திலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போனோம்.

நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். முந்திய வருடம் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது, பக்கத்து வீட்டு அக்காதான், "அன்னம்மாளை வேண்டிக்க, மாதாவையே பெத்த தாயி அவ" என்று சொன்னார். பிள்ளை பிழைத்தால் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்தேன்.

வழியெல்லாம் அந்த அக்கா கதை சொல்லிக்கொண்டே வந்தார். 1846இல் மலைமேல் சிறு கோவிலாகத் தொடங்கியதாம். அடிவாரத்திலுள்ள கோவிலைக் கட்டியது 1888இல். அவசரகாலத்தில் அந்த வட்டாரமே கறுப்புப் பகுதியாகிப் போனதால் சனங்கள் அங்கே போக முடியவில்லை. "கோவில் காத்துக்கிட்டே இருந்துச்சு. சனங்க திரும்பி வந்தாங்க" என்றார்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கக் காசு போதவில்லை. விரல் நீளத்தில் ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னார். "மிச்சத்தை அடுத்த வருசம் கொண்டாறேன் தாயே" என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

அடுத்த வருடம் அப்பா தவறிவிட்டார். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா பால்மரம் வெட்டினார். போக முடியவே இல்லை. பிறகு நான் பட்டணத்தில் வேலைக்குப் போனேன். ஜூலை மாதம் வந்தால் அம்மா கேட்பார். "பார்க்கலாம்மா" என்பேன். இப்படியே பல ஜூலைகள் போயின. ஒருநாள் அம்மாவும் போய்விட்டார்.

சென்ற ஆண்டு என் மகளோடு போனேன். 2002இல் எழுப்பிய புதிய ஆலயம், மினாங்கபாவ் கூரையோடு பிரம்மாண்டமாக நிற்கிறது. 2019இல் அதற்குப் பசிலிக்கா என்ற சிறப்பும் கிடைத்தது. ஆனால் என் கால்கள் பழைய கோவிலைத்தான் தேடின. எங்கள் தோட்டத்தை விற்று வெகுநாளாகிறது. லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். அம்மா நின்ற இடமென்று என் மகளுக்குக் காட்ட, அந்தப் பழைய கோவில் வாசல் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

இருந்ததில் நீளமான மெழுகுவர்த்தியை வாங்கினேன். மகள் அதை என்னருகில் நிறுத்தி அளந்து பார்த்து, "உங்க உயரத்துக்கு வரலையேம்மா" என்றாள்.

"ஏழு வயசில் எனக்கு இவ்வளவு உயரம்தான் இருந்திருக்கும்" என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை. இருவருமாக ஏற்றினோம்.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஏதாவது ஒரு கோவிலில், ஏதாவது ஒரு வேண்டுதலைப் பாக்கி வைத்திருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். நான் அழைத்துப் போகவில்லை.